தொட்டி மரம் எப்போது கலையாகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மரத்தைத் தொட்டியில் சிறிதாக வளர்த்து வடிவமைக்கும் போன்சாய்க்குக் கண்காட்சி எங்கே நடந்தாலும், மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் நம் ஆட்களில் ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார்: "அண்ணே, இதை நீங்க வளர்த்தீங்களா, செஞ்சீங்களா?" பேச்சுவாக்கில் வரும் கேள்விதான். ஆனால் போன்சாய்க்காரர்கள் காலங்காலமாக வாதாடிவரும் விவகாரம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. வளர்த்தது என்றால் தோட்டவேலை. செய்தது என்றால், அது கைவினையா, கலையா? அப்புறம், மரத்தை ஒரு பீடத்தில் ஏற்றி, பக்கத்தில் சின்னப் புல் தொட்டி ஒன்றை வைத்து, பின்னால் வெறும் வெள்ளைத் திரையைக் கட்டி நிறுத்துகிறார்களே, அது அலங்காரம் மட்டுமா, படைப்பில் அதற்கும் பங்கு உண்டா? புதிதாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன்சாய் என்று தனியாக ஒரு மரவகை கிடையாது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் தெருவோரம் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதே நேட்டால் அத்திதான் ஒரு முழ உயரத்தில் தொட்டியிலும் நிற்கிறது. விதை வேறில்லை, மருந்தும் கிடையாது. வேரையும் தளிரையும் அளவறிந்து வெட்டிக்கொண்டே இருப்பதால் மரம் சிறிதாக இருக்கிறது, இலையும் சிறுக்கிறது. பட்டினி போட்டு வளர்க்கிறார்கள் என்பது தவறான பேச்சு. டர்பன் கோடையில் ஆழமில்லாத தொட்டிக்கு ஒரு நாளில் இரண்டு வேளைகூடத் தண்ணீர் வேண்டும், உரமும் தவறாமல் வேண்டும். பசியில் வாடும் மரம் கம்பிக்கும் கத்தரிக்கும் தாங்காது.

இனி கைவினைப் பக்கம். எந்த வேலையின் முடிவு முன்கூட்டியே தெரியுமோ, எதை ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமோ, எதைச் சரி, தவறு என்று பார்த்த உடனே சொல்ல முடியுமோ, அதைக் கைவினை என்று வைத்துக்கொள்வோம். போன்சாயில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் வரும்.

கோயில் மதில் இடுக்கில் முளைத்த அத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை பழத்தைத் தின்று எச்சம் போட, சுவர் வெடிப்பில் விதை பிடித்துவிடும். "தம்பி, வேரோட எடுத்துடுங்கப்பா, விட்டா சுவரே பிளந்துடும்" என்று கோயில் பெரியவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள். நேட்டாலில் பல அத்திப் போன்சாய்கள் இப்படிச் சுவரிலிருந்து வந்தவைதான். சுண்ணாம்பைச் சுரண்டி, வேர் நசுங்காமல் உருவி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். கீழ்நோக்கிப் போகும் தடித்த வேரைக் குறைத்து, பக்கவாட்டில் பரவும் சல்லிவேரைக் காப்பாற்ற வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியாகக் கம்பியைக் கொண்டுவந்து மரத்தை ஆடாமல் கட்ட வேண்டும். காற்றில் ஆடினால் புதுவேர் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். மண் கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி வேருக்கு நடுவே காற்றுப் பொந்து இல்லாமல் இறக்க வேண்டும்.

அப்புறம் கம்பி சுற்றுவது. அலுமினியமோ, பதப்படுத்திய செம்போ, கிளையின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிமனில் எடுத்து, சுமார் 45 பாகைச் சாய்வில் சீராகச் சுற்றி, கிளையை மெல்ல வளைத்து நிறுத்துவார்கள். டர்பனின் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அத்தியை விறுவிறுவென்று தடிக்க வைக்கும். பார்க்காமல் விட்டால் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். எடுக்கும்போதும் திரும்பச் சுழற்றி எடுக்கக்கூடாது, துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகுத் தழும்பு ஆண்டுக்கணக்கில் போகாது. அத்தியின் விழுதை மண்வரை இறக்குவதற்கும் ஒரு வழி உண்டு. குளிர்பான உறிஞ்சுகுழலை நீளவாக்கில் பிளந்து, விழுதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரப்பாசி திணித்து விடுவார்கள். விழுது அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக மண்ணுக்கு இறங்கி, நாளடைவில் தூணாகிவிடும். இவையெல்லாம் செய்நேர்த்தி. இதில் நல்ல கை, கெட்ட கை உண்டு. கற்றுக்கொண்டால் யாருக்கும் வரும். இதைத் தாழ்வாக எண்ணவே கூடாது. இந்தச் செய்நேர்த்தி இல்லாதவரின் கற்பனை எவ்வளவு பெரிதானாலும் மரம் செத்துப்போகும்.

சரி, கலை எங்கே வருகிறது?

அந்த மதில் அத்திக்கு மூன்று கிளை இருக்கிறது, அதில் ஒன்றை எடுத்தால்தான் மரம் மரமாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். எப்படி வெட்டுவது, எந்த மாதத்தில் வெட்டுவது, வெட்டுக்காயத்தை எப்படி ஆற்றுவது எல்லாவற்றுக்கும் கைவினையில் பதில் உண்டு. எதை வெட்டுவது என்பதற்கு மட்டும் இல்லை. அங்கே வளர்ப்பவர் ஒரு மரத்தை மனத்தில் பார்த்தாக வேண்டும். அவர் பார்த்தது புயலில் ஒடிந்த மரமா, ஆற்றங்கரையில் தண்ணீரைத் தொடும் மரமா, கூட்டத்தில் வெளிச்சத்துக்காக நெட்டையாகப் போன மரமா என்பதைப் பொறுத்து, அதே செடியிலிருந்து மூன்று வெவ்வேறு மரங்கள் வரும். வெட்டிய கிளையைத் திரும்ப ஒட்ட முடியாது. என்னைப் பொறுத்தவரை, போன்சாயில் கலை என்பது இந்த முடிவெடுக்கும் இடம்தான்.

இதற்கும் விதிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. முதல் கிளை மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும், அடுத்தது எதிர்ப்பக்கம், மூன்றாவது பின்பக்கம் ஆழம் காட்ட, உச்சி பார்ப்பவரை நோக்கிக் கொஞ்சம் குனிந்திருக்க வேண்டும் என்று பாடம் இருக்கிறது. சீனத்தில் தட்டில் மலையும் மரமும் அமைக்கும் வழக்கம் பழையது. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த தாங் வம்ச இளவரசர் கல்லறைச் சுவரோவியம் ஒன்றில், பணியாட்கள் அப்படிப்பட்ட தட்டை ஏந்தி வருவதைக் காணலாம். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய்த்தான் நாம் இன்று படிக்கும் விதிகள் இறுகின. அவற்றில் பெரும்பாலானவை மலைச்சரிவில் பனியைச் சுமந்து கிளை தாழ்ந்த தேவதாரு, பைன் மரங்களைப் பார்த்து எழுதியவை. அதை அப்படியே நேட்டால் அத்தியின்மேல் போட்டால், அத்தி இலை வைத்த பைன் மரம் கிடைக்கும். நம் ஊர் சாலையோர அத்தி அப்படியா நிற்கிறது? உயரத்தைவிட அகலம் அதிகம், அடிமரம் பல தண்டுகள் ஒட்டியதுபோல் உருண்டு திரண்டிருக்கும், வேர் தரைக்கு மேலே பாம்புபோல் ஓடும்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் இதுதான். இங்குள்ள வளர்ப்பாளர்கள் தங்கள் மரங்களைப் பார்த்து, சொந்தமாகச் சில வடிவங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று பாவோபாப் வடிவம். லிம்போப்போவில் நிற்கும் பெருக்க மரத்தின் பருத்த அடிமரமும், வேரைத் தலைகீழாக நட்டதுபோல் தோன்றும் குட்டைக் கிளைகளும் தொட்டிக்கு வந்தன. இன்னொன்று பியர்னீஃப் வடிவம். இதன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜேக்கப் ஹென்ட்ரிக் பியர்னீஃப் பிரிட்டோரியாவில் 1886இல் பிறந்து 1957இல் மறைந்த ஓவியர். 1929 முதல் 1932 வரை ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்காக 32 ஓவியப் பலகைகள் வரைந்தார். அவற்றில் நான்கு இந்நாட்டு மரங்களுக்கென்றே ஒதுக்கியவை. புல்வெளியில் தனியாக நிற்கும் வேலமரத்தை அவர் எளிமையாக்கி வரைந்தார்: நெடிய அடிமரம், மேலே விசிறிபோல் பிரியும் கிளைகள், அதற்கும் மேலே தட்டையான குடை. போன்சாய்க்காரர்கள் அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டார்கள். காட்டு மரம் ஓவியமானது, ஓவியம் மறுபடியும் உயிருள்ள மரமாயிற்று. ஜப்பானியப் பாடப்படி பார்த்தால் தட்டைக் குடை உச்சி ஊசியிலை மரத்துக்குப் பிழை. முதன்முதலில் ஒரு வேலமரத்தை அப்படி வளர்த்து மேசையில் வைத்தவர், "எங்கள் மரம் இப்படித்தான் நிற்கும்" என்று தன் கையாலேயே சொல்லியிருக்கிறார். அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இன்று பியர்னீஃப் வடிவத்துக்கும் பாடம் வந்துவிட்டது. கிளை எந்த உயரத்தில் பிரிய வேண்டும், குடை எவ்வளவு அகலம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை அளந்து பார்த்து அப்படியே செய்பவர் மறுபடி கைவினைக்குள் வந்துவிடுகிறார். ஒருவர் கண்டது பத்துப் பேருக்குப் பாடமாகிறது, பத்துப் பேரில் ஒருவர் அதை மீறுகிறார். கலைக்கும் கைவினைக்கும் நடுவே கோடு உண்டு, ஆனால் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை.

விதிக்குள் நின்று வேலை செய்தால் கலையாகாது என்பவர்களுக்கு நம் கோயில்களையே காட்டுவேன். நேட்டாலில் பழைய கோயில்கள் பலவற்றைக் கட்டிய கிஸ்டப்பா ரெட்டியின் பெயர் இங்கே தெரிந்ததுதான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயிலும் அவர் கைவேலை. விமானத்துக்கும் கருவறைக்கும் அளவு சாத்திரத்தில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பழைய கோயில்கள் பல கருங்கல்லில் எழுந்தவை, இங்கே அவருக்குக் கிடைத்தது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கல்லில் இருக்க வேண்டிய ஒன்றைச் சாந்தில் எப்படி நிறுத்துவது என்ற இடத்தில் அவர் தானாக முடிவெடுத்திருக்கிறார். போன்சாய்க்காரரும் பைனுக்கு எழுதிய விதியைக் கையில் வைத்துக்கொண்டு அத்திக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

இன்னொரு தடையும் சொல்வார்கள். ஓவியம் முடியும், சிற்பம் முடியும், மரம் முடிவதே இல்லை. வரைந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். மரத்தில் யார் கையெழுத்துப் போடுவது? வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்துக்கு 1976இல் ஜப்பான் 53 போன்சாய்களை அன்பளிப்பாகத் தந்தது. அதில் ஒரு வெண்பைன் 1625 முதல் தொட்டியில் வளர்வது. யமாகி குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த அந்த மரம், 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவர்கள் வீட்டு மதிலுக்குள் நின்று தப்பியது. இந்த விவரம் 2001இல் பேரன்மார் வந்து சொன்ன பிறகுதான் அங்குள்ளவர்களுக்கே தெரிந்தது. இதை வளர்த்த கைகளில் எது கலைஞனுடையது என்று பிரிக்கவே முடியாது. பெரும்பாலும் அது காப்பாற்றிய கைகளின் வரலாறு. நான் இதைக் கைவினையின் உச்சம் என்பேன், மதிப்பு இம்மியும் குறையாமல்.

அதே தோட்டத்துக்கு 1984இல் போய்ச் சேர்ந்த 'கோஷின்' வேறு மாதிரி. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜான் நாகா, ஜூனிப்பர் மரங்களை ஒரே தட்டில் நட்டு, காடு ஒன்றை உருவாக்கினார். மரங்கள் 11, அவருடைய பேரப்பிள்ளைகளும் 11 பேர். ஜப்பானில் கோயிலருகே பார்த்த ஒரு தோப்பு அவர் மனத்தில் இருந்தது. தட்டில் காடு அமைப்பது பழைய வழக்கம்தான், ஆனால் இந்தக் காட்டுக்கு முன்மாதிரி எந்தப் பாடத்திலும் இல்லை. எந்த மரம் முன்னே, எது பின்னே, எவ்வளவு இடைவெளி விட்டால் சிறு தட்டு காடாகத் தெரியும் என்பதெல்லாம் ஒருவர் எடுத்த முடிவுகள். 2004இல் அவர் மறைந்தார். இன்று வேறு கைகள் அதைக் கத்தரித்து வருகின்றன, ஆனாலும் அது அவர் காடுதான்.

இனி காட்சிப்படுத்துவதற்கு வருவோம். பலர் இதைக் கடைசி நிமிட வேலையாக நினைக்கிறார்கள். எனக்கென்னவோ கலையா கைவினையா என்பது மிகத் தெளிவாகத் தெரிவதே இங்கேதான்.

முதலில் முகம். எந்த மரத்துக்கும் முன்பக்கம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்தைச் சுழல்மேடையில் வைத்து, கண்ணை அடிமரத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் வேர் விரிவு அழகாகத் தெரியும், ஆனால் பழைய வெட்டுத் தழும்பும் முன்னால் வந்துவிடும். தழும்பை மறைக்கலாம், அல்லது அதையே முகமாக்கி மரம் பட்டதைக் காட்டலாம். அடுத்தது தொட்டி. நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு என்பது பொதுக் கணக்கு. ஊசியிலை மரத்துக்குப் பூச்சில்லாத பழுப்புச் சுடுமண், பூக்கும் மரத்துக்கும் இலையுதிர்க்கும் நிறப்பூச்சு. இதுவரை கைவினை. ஆனால் பாறையில் நின்ற காட்டு ஒலிவ மரம் ஒன்றுக்குக் கணக்குப்படி வரும் நேர்த்தியான நீள்சதுரத் தொட்டி பொருந்தவே பொருந்தாது. ஓரம் உடைந்த கற்பலகையின்மேல் வைத்தால் அது மறுபடி தன் பாறைக்கே போய்விடும். அந்தத் துணிச்சலுக்குக் கணக்கு கிடையாது.

ஜப்பானிய வீட்டில் இதற்கென்றே சுவரில் ஒரு மாடம் உண்டு. அங்கே மரம், அதற்குப் பீடம், பின்னால் தொங்கும் ஓவியச் சுருள், கீழே ஒரு சின்னப் புல்லோ பூவோ. மரம், சுருள், துணைச்செடி மூன்றும் ஒரு பருவத்தைச் சொல்ல வேண்டும், ஆனால் ஒன்று சொன்னதை இன்னொன்று திருப்பிச் சொல்லக்கூடாது. பூத்த மரத்துக்குப் பின்னால் அதே பூவின் படத்தைத் தொங்கவிட்டால் பிழை. மழைத்துளியோ, தூரத்து மலையோ, வெறும் நிலாவோ போதும், மீதியைப் பார்ப்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும். இதில் நம் சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கே பருவம் தலைகீழ். ஜப்பானில் மார்ச், ஏப்ரலில் வசந்தம், நமக்கு செப்டம்பரில். டர்பனில் அத்தி இலையுதிர்ப்பதும் இல்லை. பனிமலைச் சுருளை இரவல் வாங்கித் தொங்கவிடுவதற்குப் பதிலாக, பக்கத்தில் கரூப் பாலையின் ஹவோர்த்தியா என்ற சின்னச் சதைச்செடியையோ கற்றாழைக் குட்டியையோ வைப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். மரமும் துணைச்செடியும் ஒரே மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன.

வைக்கும் இடம் பொருளின் தகுதியையே மாற்றும் என்பதற்கு இந்த மாகாணத்திலேயே சாட்சி உண்டு. ஜூலுப் பெண்கள் சோளக் கள்ளுக்காக வனையும் உகாம்பா என்ற கறுப்புப் பானை வெகுகாலம் வீட்டுச் சாமானாகத்தான் மதிக்கப்பட்டது. துகேலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த நெஸ்ட்டா நாலா (1940–2005) வனைந்த பானைகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. மண்ணும் அதே, சுடும் முறையும் அதே. தனியாக ஒரு மேடையில், தகுந்த வெளிச்சத்தில் வைத்தபோது, அந்த வளைவிலும் மேலே பதித்த புடைப்புகளிலும் இருந்த முடிவுகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. வெறும் மேடை கலையை உண்டாக்காது. ஆனால் இருக்கும் கலையைப் பார்க்க வைக்கும். போன்சாய்க்கு ஜப்பானில் இதேதான் நடந்தது: 1934இல் தோக்கியோ கலை அருங்காட்சியகத்தில் கொக்குஃபு கண்காட்சி தொடங்கிய பிறகு, தோட்டக்காரர் பொருளாக இருந்த மரம் ஓவியங்கள் தொங்கும் கட்டடத்துக்குள் போனது. அதே கண்காட்சியில் மரத்தின் உரிமையாளர் ஒருவரும் அதைப் பயிற்றியவர் இன்னொருவருமாக இருப்பது சாதாரணம். பணம் கொடுத்து வாங்கி வைத்தவரைக் கலைஞர் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் மரத்தைப் போற்றுபவர், அந்தப் பெயரே போதும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஸ்பெக்பூம் நல்ல செடி. இந்நாட்டுச் செடி, யானை விரும்பித் தின்பது, குச்சி நட்டாலே வரும். வெட்டிய குச்சியை நிழலில் சில நாள் காயவிட்டு, காயம் மூடிய பிறகு நட வேண்டும், உடனே தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். முதல் ஆண்டுகளில் கலையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தண்ணீர், வேர், கம்பி இந்த மூன்றும் கைக்கு வரட்டும். இடையில் கண்காட்சிக்குப் போனால் மேசைக்கு முன்னால் குனிந்து, அடிமரத்தின் வேரிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள், தொட்டியைக் கடைசியாகப் பாருங்கள். பிறகு வளர்த்தவரிடம், "அண்ணே, எந்தக் கிளையை எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் மரத்தைப் பின்பக்கம் திருப்பி, வெட்டிய இடத்தைக் காட்டித்தான் பதில் சொல்லத் தொடங்குவார்.